லைட் எரிகிறது, கணக்கு திறக்கவில்லை: பைபர் இணைப்பில் பிழை தேடுவது எப்படி?



மலையகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதத்தின் 10ஆம் திகதி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்தில் சம்பளம் கைக்கு வரும். பழைய கடன் தீரும், புதிய கடன் தொடங்கும். 2023இல் நவம்பர் 10 வெள்ளிக்கிழமையில் வந்தது. அடுத்த ஞாயிறு தீபாவளி. காலை எட்டரை மணிக்கே எங்கள் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து பில் போடும் மூன்று கொம்பியூட்டர்களும் சேர்வர் கிடைக்கவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டன.

அன்று தொடங்கிய கஷ்டம் திங்கட்கிழமை பின்னேரம்தான் தீர்ந்தது. பிழை என்னவோ மிகச் சிறியது. அதைத் தேடிய முறைதான் பிழையாகப் போனது. உங்களில் பலர் இப்போது கடைக்கும் ஸ்டோருக்கும் இடையே பைபர் வயர் இழுத்திருக்கிறீர்கள், அல்லது இழுக்க எண்ணியிருக்கிறீர்கள். ஆகவே எனக்குச் செலவானது உங்களுக்கும் செலவாகாதிருக்க இந்த வாரம் இதையே எழுதுகிறேன். நான் பாடசாலைப் படிப்போடு நின்றவன். நான் விளங்கிக்கொண்ட அளவில்தான் சொல்கிறேன்.

முதலில் எங்கள் அமைப்பு. கடை ஹட்டனுக்குப் பக்கத்தில் சிறு நகரம் ஒன்றின் பிரதான வீதியில் இருக்கிறது. ஸ்டோர் பின்பக்கம், மேட்டில், சுமார் 240 மீற்றர் தூரத்தில். கணக்குகள் எல்லாம் இருக்கும் சேர்வர் ஸ்டோரின் மேல்மாடியில். கடைக்குள் மாத்தூசியும் மிளகாய்த்தூளும் பறக்கிற இடத்தில் அதை வைக்க மனம் வரவில்லை. சாதாரண செம்பு நெட்வேர்க் வயர் 100 மீற்றருக்கு மேல் கணக்கில் எடுக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் மின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இங்கே இடி எப்படி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். செம்பு வயர் வழியே வந்த மின்னலுக்கு இரண்டு தரம் சுவிட்சைப் பலி கொடுத்த பிறகுதான் பைபருக்கு மாறினோம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் வெளியே இழுக்கும் பைபர் வயர்களில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அதைக் கட்டடத்துக்கு வெளியே வெட்டி நிறுத்திவிட வேண்டும். உள்ளே இயந்திரம் வரை கொண்டுவந்தால் மின்னலுக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தது போலாகும்.

இனி அந்தக் கண்ணாடி. ஒரு வயருக்குள் இருக்கும் இழையின் முழுத் தடிப்பு 125 மைக்ரோன். அதில் வெளிச்சம் போகும் நடுப்பகுதி, தூரத்துக்குப் போகும் வகையில், ஏறக்குறைய 9 மைக்ரோன்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணாடியைப் போதிய அளவு சுத்தமாகச் செய்தால் அதன் வழியே பல கிலோமீற்றர் பேச்சை அனுப்பலாம் என்று 1966இல் எழுதியவர் சார்ல்ஸ் காவ். ஷாங்ஹாயில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த அந்தப் பொறியியலாளருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் கடைக்குள் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருப்பது அவர் அன்று எழுதிய பொருளைத்தான்.

எங்களுடையது ஒற்றை இழை வயர். போவதும் வருவதும் அந்த ஒன்றிலேயேதான். எப்படி மோதாமல் போகிறதென்றால், ஒரு பக்கம் 1310 நனோமீற்றர் அளவான வெளிச்சத்தில் அனுப்பும், மறுபக்கம் 1550 அளவில் அனுப்பும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. தெரியாது என்பதற்காக யாரும் வயரின் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்காதீர்கள். இந்தப் பெட்டிகள் ஏ, பி என்று சோடியாக வருவதும் இதனால்தான். இரண்டு ஏ வாங்கி மாட்டினால் எந்தக் காலத்திலும் பேசமாட்டா. ஒன்று 100, மற்றது 1000 வேகமென்றாலும் அப்படித்தான். இணைப்பு முனையின் நிறத்தையும் கவனியுங்கள். பச்சை முனை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் நேரானது. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் உள்ளே போவது போல் போகும், வெளிச்சம் மட்டும் சரியாகப் போகாது.

கடைப் பக்கத்தில் மீடியா கொன்வேட்டர் என்ற சிறு பெட்டி. அது பைபரைச் சாதாரண நெட்வேர்க் வயராக மாற்றிச் சுவிட்சுக்குக் கொடுக்கும். சுவிட்சில் மூன்று வின்டோஸ் கொம்பியூட்டர்களும் இன்டர்நெட் ரவுட்டரும். ஸ்டோர்ப் பக்கத்தில் பெட்டி கிடையாது. சேர்வருக்குள்ளேயே பைபர் நெட்வேர்க் கார்ட் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். சேர்வர் ஓடுவது லினக்ஸில், உபுண்டு என்ற வகை. அது என் மகனின் வேலை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். கொம்பியூட்டர் திருத்தும் தம்பி ஒருவர் வந்தார். கடையில் வின்டோஸ் இணைப்பு இருக்கிறது என்கிறது. இன்டர்நெட்டும் ஓடுகிறது. கொன்வேட்டரில் பைபர் வெளிச்சம் வருகிறது என்பதைக் காட்டும் சிறு லைட்டும் எரிகிறது. ஸ்டோருக்கு ஏறிப் பார்த்தால் லினக்ஸ் "நோ கேரியர்" என்கிறது, அதாவது வயரில் ஒன்றுமில்லை. "நானா, இந்தப் பக்கம் எல்லாம் சரி. லினக்ஸ்தான் குழப்புகிறது. இதை மாற்றி வின்டோஸ் போட்டால் சரிவரும்" என்றார். மகனுக்குக் கோபம். "வாப்பா, லினக்ஸ் பொய் சொல்லாது" என்றான். ஜும்ஆவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் நான் நின்றேன்.

தம்பி தன் பையிலிருந்த வின்டோஸ் ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சேர்வரில் மாட்டிப் பார்த்தார். நெட்வேர்க் கார்ட் வரிசையில் எங்கள் பைபர் கார்ட் இல்லவே இல்லை. வேறொரு தலைப்பின் கீழ் "ஈதர்நெட் கொன்ட்ரோலர்" என்று மஞ்சள் அடையாளத்தோடு ஏதோ ஒன்று நின்றது. "கார்ட் செத்துவிட்டது" என்று தீர்ப்பாயிற்று. அன்றிரவே கொழும்புக்குச் சொல்லி, சனிக்கிழமை பஸ்ஸில் புதுக் கார்ட் வந்தது. அதை மாட்டினோம். அதுவும் நோ கேரியர்.

திங்கட்கிழமை, பைபர் ஒட்டும் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வேறொரு வேலையாக எங்கள் வீதிக்கு வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தோம். அவர் கொம்பியூட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெளிச்சம் அளக்கும் மீற்றரை எடுத்து முதலில் ஸ்டோர் முனையில் வைத்தார். -7 டிபிஎம் அளவில் வரவேண்டியது -31 காட்டியது. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். 24 குறைந்தால் ஏறக்குறைய 250இல் ஒரு பங்குதான் மிச்சம். பிறகு கடைக்கு இறங்கி, சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா ஒன்றை வயர் முனையில் செருகிவிட்டு, வயர் போகும் வழியே நடந்தார். ஸ்டோரின் கதவு நிலையருகே கோதுமை மா மூட்டைகளுக்குப் பின்னால் மஞ்சள் வயருக்குள்ளிருந்து சிவப்பாக ஒளி கசிந்தது. வியாழன் இரவு லொறியில் வந்த தீபாவளி மா. பொடியன்கள் இடம் போதாமல் நிலையோடு சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். வயர் நசுங்கி மடிந்து கிடந்தது. மூட்டைகளை விலக்கி வயரை நிமிர்த்தியதும் மீற்றர் -8க்கு வந்தது.

அப்படியானால் கடைப் பக்கத்து லைட் ஏன் எரிந்தது? அந்த இளைஞர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. வயர் நேராகக் கிடக்கும்போது 1550 வெளிச்சம் 1310ஐவிட அதிக தூரம் போகும். மடங்கினால் 1550தான் முதலில் வெளியே சிந்தும். எங்கள் கடை அனுப்புவது 1550, அது வழியில் சிந்திப்போனது. சேர்வர் அனுப்புவது 1310, அது இளைத்தாலும் வந்து சேர்ந்தது. ஆகவே கடைப் பெட்டி வெளிச்சம் வருகிறதென்று லைட் போட்டது. சேர்வர் ஒன்றும் வரவில்லை என்றது. இரண்டு பேரும் உண்மையே சொன்னார்கள். வின்டோஸ் சொன்னதும் உண்மைதான். அதன் வயர் இரண்டு மீற்றர் தள்ளியிருக்கும் சுவிட்ச் வரைதான். அந்த இரண்டு மீற்றர் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அது சொன்னது. மேட்டிலுள்ள ஸ்டோரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நாங்களாக அப்படி எடுத்துக்கொண்டோம்.

ஆகவே திரையில் "இணைப்பு உண்டு" என்று கண்டால், எதனோடு இணைப்பு என்று முதலில் கேளுங்கள். கொன்வேட்டர்களில் சில, பைபர் அறுந்தால் செம்புப் பக்கத்தையும் சேர்த்து அணைத்துவிடும். சிலவற்றில் அதற்கென ஒரு சிறு சுவிட்ச் உண்டு. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கி, போட்டு வையுங்கள். குறைந்தது அந்தப் பெட்டியோடு நேரே இணைந்திருக்கும் இயந்திரமாவது உண்மையைச் சொல்லும்.

இனி ஒவ்வொரு ஒபரேட்டிங் சிஸ்டமும் தன் பாஷையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எங்கள் தம்பி வின்டோஸில் கண்ட மஞ்சள் அடையாளத்தின் அர்த்தம், கார்ட் இருக்கிறது, அதை ஓட்டும் ட்ரைவர் இல்லை என்பதே. செத்த கார்ட் பொதுவாகப் பெயரே சொல்லாது. பழைய பைபர் கார்ட்களுக்குத் தயாரித்தவர்கள் புதிய வின்டோஸுக்கென ட்ரைவர் எழுதாமல் விட்டுவிடுவதுண்டு. அதே கார்ட் லினக்ஸில் போட்டவுடன் ஓடும், ட்ரைவர் உள்ளேயே இருப்பதால். நேர்மாறாகவும் நடக்கும். கார்ட்டில் செருகும் எஸ்.எப்.பி. மொடியூல் வேறு கம்பனியுடையதென்றால் இன்டெல் கார்ட்களில் சிலவற்றை லினக்ஸ் ஏற்காமல் நிறுத்திவிடும். காரணத்தை அதன் பதிவில் எழுதியும் வைக்கும், பார்ப்பவர்தான் இல்லை. ஆகவே ஒரு கார்ட் ஒரு சிஸ்டத்தில் ஓடவில்லை என்பதை மட்டும் வைத்து அதைக் குப்பையில் போடாதீர்கள்.

வின்டோஸில் கார்ட்டின் பெயர் ஒழுங்காகத் தெரிந்து, சிவப்புப் புள்ளடியோடு கேபிள் கழன்றிருக்கிறது என்று வந்தால் ட்ரைவர் சரி, வெளிச்சம்தான் வரவில்லை. லினக்ஸில் நோ கேரியர் என்பதும், மெக்கின்டொஷில் "நொட் கனெக்டட்" என்பதும் அதுவே. மூன்று பாஷையில் ஒரே சொல். அப்போது சிஸ்டத்தை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். இணைப்பு இருக்கிறது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால், இயந்திரம் முகவரி கேட்டு யாரும் கொடுக்காததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அங்கே முகவரி கொடுக்கும் ரவுட்டரை அல்லது சேர்வரைப் பாருங்கள். முகவரி சரி, பிங் போகிறது, ஆனால் கோப்புகள் மட்டும் திறக்கவில்லை என்றால் வயருக்கும் கார்ட்டுக்கும் குற்றமில்லை. வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்த பழைய கோப்புறைகள் பல இப்படித்தான் திறக்காமல் போயின. பாதுகாப்புக்காக அவர்கள் இறுக்கிய விதி அது.

லினக்ஸுக்கு இன்னொரு வசதி. மொடியூல் அளவு சொல்லும் வகையாக இருந்தால், "ஈத்டூல்" என்ற கட்டளை வந்து சேரும் வெளிச்சத்தை டிபிஎம் கணக்கிலேயே காட்டும். எங்கள் மொடியூல் அந்த வகைதான். மீற்றருக்காகத் திங்கள் வரை நின்றிருக்கவே தேவையில்லை, வெள்ளிக்கிழமை காலையிலேயே -31 என்று பார்த்திருக்கலாம். மகன் பிறகு இதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை.

கார்ட் மாற்றினால் வரும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். வயர் நிமிர்ந்த பிறகும் எங்கள் கணக்கு திறக்கவில்லை! உபுண்டு ஒரு கார்ட்டுக்கு அது செருகப்பட்டிருக்கும் இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும். புதுக் கார்ட்டை வேறு துளையில் மாட்டியதால் பெயர் மாறி, நாங்கள் எழுதி வைத்த நிலையான முகவரி பழைய பெயரோடு அநாதையாக நின்றது. வின்டோஸிலும் இப்படித்தான். கழற்றிய கார்ட்டின் முகவரியை அது மறைத்து வைத்துக்கொண்டு, புதியதற்குக் கொடுக்கப் போனால் வேறொன்றுக்குக் கொடுத்தாயிற்று என்று தகராறு பண்ணும். புதிய இணைப்பைப் பொது இடம் என்று எண்ணிப் பகிர்வுகளையும் பூட்டிவிடும். மகன் பழைய கார்ட்டைப் பழைய துளையிலேயே மாட்டினான். அஸருக்கு முன் கணக்கு திறந்தது.

என்னைக் கேட்டால், எங்களைப் போன்ற சிறிய கடைகளுக்குக் கொம்பியூட்டருக்குள் பைபர் கார்ட் தேவையில்லை. இரு முனையிலும் கொன்வேட்டர் அல்லது பைபர் துளையுள்ள சுவிட்ச் வைத்து, கொம்பியூட்டருக்குச் சாதாரண வயரைக் கொடுங்கள். பைபர் என்று ஒன்று இருப்பதே வின்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தெரியவேண்டாம். ட்ரைவர் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மெக்கின்டொஷ் மடிக்கணினி வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் இதுவே வழி. இப்போது இந்த யோசனை கூடுதலாகத் தேவைப்படுகிறது. வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் மைக்ரோசொப்ட் வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பழைய இயந்திரங்கள் பலவற்றை வின்டோஸ் 11 ஏற்காது. ஆகவே ஒரே கடையில் ஒன்று வின்டோஸ் 11, ஒன்று பழசு, ஒன்று லினக்ஸ் என்று கலந்திருப்பது சாதாரணமாகிவிட்டது. கலந்த இடத்தில் ஆளுக்கு ஆள் மற்றவன் சிஸ்டத்தைக் குறை சொல்வான். கட்டணம் நம்முடையது.

கம்பனி தரும் இன்டர்நெட் பைபருக்கும் இதே முறைதான். அந்தப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற லைட் சிவப்பாக மின்னினால் வெளிச்சம் வரவில்லை. உங்கள் பக்கத்து வயர் மடிந்திருக்கிறதா, முனை கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முறைப்பாடு கொடுங்கள். இந்த வகை இணைப்புகளில் பரவலாக உள்ள தரத்தின்படி பெட்டியால் -27 டிபிஎம் வரை வாசிக்க முடியும், அதற்குக் கீழே போனால் விட்டுவிட்டு வேலை செய்யும். சிவப்பு இல்லை, பொன் என்ற லைட் பச்சையாக நிலைத்து நிற்கிறது, ஆனாலும் இன்டர்நெட் இல்லை என்றால் வயரில் தேடவேண்டாம். எதுவானாலும் பின்னாலுள்ள ரீசெட் துளையில் ஊசியை விடாதீர்கள். கம்பனி எழுதி வைத்த விபரங்கள் அழிந்தால் அவர்கள் வந்துதான் திரும்ப எழுத வேண்டும்.

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், கொம்பியூட்டர் வழிக்கு மாறியது. தோட்டத்துப் பெக்டரியின் விலை இன்று ஒரு திரையில் தீர்கிறது. அப்படியிருக்க நம் கடை மட்டும் கொப்பியிலேயே இருக்க முடியாதுதான். என்றாலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்து வீதியும் தொலைபேசியும் அறுந்ததை நாம் பார்த்தோம். வெளி இன்டர்நெட்டை நம்பாமல் கணக்கு நம் ஸ்டோரிலேயே இருப்பது நல்லதென்று அப்போதும் எனக்குத் தோன்றியது.

அந்த வெள்ளியும் சனியும் கையால் பில் எழுதினோம். யாருக்கு எவ்வளவு கடன் என்று எங்களுக்குத் தெரியாது. வந்தவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு காசை வாங்கினோம். மேல் டிவிசனிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் மடியிலிருந்து ஈரமான சிறு கொப்பியை எடுத்து விரித்தார். "மொதலாளி, என் கொப்பியில நாலாயிரத்து முந்நூத்தம்பது இருக்கு. இந்தாங்க. ஒங்க பொட்டியில கூட இருந்தா அப்புறம் சொல்லுங்க" என்றார். திங்கட்கிழமை சேர்வர் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அவர் கணக்கைத்தான். 4,350 ரூபா, சதமும் பிசகவில்லை. வேறு பதினொரு பேரின் கணக்கு பொருந்தவில்லை. அவர்களிடம் கேட்க எனக்கு முகமில்லை, வெட்டிவிட்டேன்.

புதுக் கார்ட் இன்னும் கல்லாப்பெட்டி லாச்சிக்குள் கிடக்கிறது. கதவு நிலையருகே வயருக்குப் பிவிசி குழாய் போட்டாயிற்று. இரு முனையிலும் எது ஏ, எது பி, சுகமாக இருக்கும்போது வெளிச்சம் எவ்வளவு என்று மகன் எழுதி ஒட்டியிருக்கிறான். கடைச் சுவிட்சுக்கு மேலே, தினமும் பில்லை மூடியபின் கடன் கணக்கை ஒரு தரம் தாளில் அச்சடித்து வைக்கும் கோவையும் தொங்குகிறது.